டிரையல்ஸ் மோட்டார் சைக்கிளில் எடை குறைந்த மின்பாகங்களும் பிராக்கெட்டுகளும்

டிரையல்ஸ் மோட்டார் சைக்கிள் என்பது பாறை, சேறு, ஓடை, செங்குத்தான மேடு போன்ற கடினமான இடங்களை, காலைத் தரையில் ஊன்றாமல் மெதுவாகக் கடப்பதற்காக உருவாக்கப்பட்ட இருசக்கர வண்டி ஆகும். இவ்வகைப் போட்டியில் வேகத்துக்கு மதிப்பெண் இல்லை, சமநிலைக்கே மதிப்பு. ஒரு பகுதியைக் கால் ஊன்றாமல் கடந்தால் தண்டப் புள்ளி எதுவும் இல்லை. ஒருமுறை ஊன்றினால் 1, இருமுறை ஊன்றினால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3, பகுதியைக் கடக்க முடியாமல் போனால் 5 எனத் தண்டப் புள்ளிகள் கணக்கிடப்படுகின்றன. மிகக் குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர்.

ஓட்டுநர் வண்டியைத் தன் உடலின் ஓர் உறுப்பைப் போலத் தூக்கியும் சாய்த்தும் திருப்பியும் ஓட்ட வேண்டியிருப்பதால் அதில் உள்ள ஒவ்வொரு பொருளின் எடையும் கணக்கில் வருகிறது. ஆயினும் பல டிரையல்ஸ் போட்டிகளில் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குப் பொதுச் சாலை வழியாகவே செல்ல வேண்டும். சாலையில் செல்லும் வண்டிக்கு ஹாரன் வேண்டும். இருட்டில் சென்றால் விளக்குகள் வேண்டும். எடையைக் குறைக்க வேண்டும் என்ற தேவையும், நம்பகமான மின்னமைப்பு வேண்டும் என்ற தேவையும் மோதும் இடம் இதுதான். இக்கட்டுரை பிரித்தானியாவின் பழைய டிரையல்ஸ் வண்டிகளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மின்பாகங்களைத் தேர்ந்தெடுப்பதையும் அவற்றைத் தாங்கும் பிராக்கெட்டுகளைச் செய்து பொருத்துவதையும் விளக்குகிறது.

பின்னணி

டிரையல்ஸ் போட்டியின் தாயகம் பிரித்தானியா. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் ஃபோர்ட் வில்லியம் நகரை மையமாகக் கொண்டு ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் டிரையல் 1909ஆம் ஆண்டில் தோன்றியது. 1901இல் நிறுவப்பட்ட மோட்டார் சைக்கிளிங் கிளப், எக்சிட்டர், லேண்ட்ஸ் எண்ட், எடின்பரோ என்னும் மூன்று நெடுந்தூர டிரையல்களை இன்றும் நடத்தி வருகிறது. இவற்றுள் எக்சிட்டர் டிரையல் சனவரி மாதக் குளிரிலும், லேண்ட்ஸ் எண்ட் டிரையல் ஈஸ்டர் காலத்திலும் நடைபெறுகின்றன. இரண்டிலும் இரவுப் பயணம் உண்டு. மழை பெய்யும் இரவில், இருபுறமும் உயர்ந்த வேலி அமைந்த குறுகிய கிராமச் சாலையில் விளக்கு அணைந்துவிட்டால் போட்டியை இழப்பதோடு விஷயம் முடிந்துவிடாது. உயிருக்கே ஆபத்து நேரலாம்.

1950களில் டிரையல்ஸ் வண்டிகள் கனமானவை. 497 சிசி ஏரியல் எச்டி5 வண்டி சுமார் 130 கிலோ எடை கொண்டது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரைச் சேர்ந்த சாமி மில்லர், தம்முடைய ஏரியல் வண்டியில் ஒவ்வொரு பாகமாக எடுத்து, எஃகு இருந்த இடத்தில் அலுமினியம் வைத்தும் தேவையற்றதை நீக்கியும் அதன் எடையைச் சுமார் 110 கிலோ வரை குறைத்தார். 1965இல் அவர் ஸ்பெயின் நாட்டு புல்டாகோ ஷெர்ப்பா டி வண்டியில் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் டிரையலை வென்றபோது, எடை குறைந்த டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் தொடங்கியது. இன்றைய போட்டி வண்டிகள் பெரும்பாலும் 65 முதல் 75 கிலோ எடையே கொண்டவை.

பழைய வண்டிகள் மறைந்துவிடவில்லை. 1965ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வடிவமைப்பு கொண்ட வண்டிகளுக்கென ‘பிரீ-65’ என்ற பிரிவு உள்ளது. பிஎஸ்ஏ பேண்டம், டிரையம்ஃப் டைகர் கப் போன்ற சிறிய வண்டிகள் இப்பிரிவில் விரும்பி ஓட்டப்படுகின்றன. இவற்றின் பழைய மின்னமைப்பைப் புதுப்பிக்கும்போதுதான் எடை, வலிமை, நம்பகத்தன்மை ஆகிய மூன்றையும் ஒருசேர எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சட்டம் கேட்பது என்ன?

பிரித்தானியாவின் வாகன விளக்கு விதிகளின்படி, முன்னும் பின்னும் இட விளக்குகளே பொருத்தப்படாத மோட்டார் சைக்கிளைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் சாலையில் ஓட்டலாம். பகலிலும் பனிமூட்டம் போன்று பார்வை மிகவும் குறைந்த வேளையில் அதை ஓட்டக் கூடாது. விளக்கு இருந்து, அதற்கு மின்சாரம் தரும் கம்பியிணைப்பு எதுவும் இல்லையென்றாலும், உடனே பயன்படுத்த முடியாதபடி மூடி மறைக்கப்பட்டிருந்தாலும், அது விளக்காகக் கருதப்படுவதில்லை. விளக்கு பொருத்தி இணைப்பும் கொடுத்துவிட்டால் அது ஒழுங்காக எரிந்தாக வேண்டும். அரைகுறையாக எரியும் விளக்கை விட விளக்கு இல்லாத பகல்நேர வண்டி சட்டப்படி மேலானது.

எனவே முதல் முடிவு, வண்டி இரவில் ஓடுமா என்பதே. பகல்நேரப் போட்டிக்கு மட்டுமான வண்டிக்கு ஹாரனும் எண் பலகையும் போதுமானதாக இருக்கலாம். நெடுந்தூர இரவுப் பயணத்துக்கு முகப்பு விளக்கு, பின் விளக்கு, பிரேக் விளக்கு ஆகிய அனைத்தும் வேண்டும். பிற நாடுகளில் விதிகள் வேறுபடும் என்பதால் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

1948இல் அறிமுகமான பிஎஸ்ஏ பேண்டம் போன்ற வண்டிகளில் எஞ்சினின் சுழல்சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் காந்தங்கள், நிலையாக உள்ள கம்பிச்சுருள்களில் மாறுதிசை மின்னோட்டத்தை உண்டாக்குகின்றன. இந்த மின்சாரம் பேட்டரி இல்லாமல் நேராகப் பல்புக்குச் செல்வது ‘நேரடி விளக்கு முறை’ எனப்படும். இது எளிமையானது, எடை மிகக் குறைந்தது. ஆனால் இரண்டு குறைகள் உண்டு.

முதலாவது, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது மின்னழுத்தம் குறைந்து விளக்கு மங்கும். டிரையல்ஸ் ஓட்டம் பெரும்பாலும் மெதுவான ஓட்டம் என்பதால், பாதையைக் கூர்ந்து பார்க்க வேண்டிய வேளையில்தான் வெளிச்சம் குறைகிறது. எஞ்சின் நின்றால் முற்றிலும் இருட்டு.

இரண்டாவது, இம்முறையில் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது பல்புகளின் சுமையே. மின்னாக்கியின் திறனுக்கு ஏற்றபடி பல்புகளின் மொத்த வாட் அளவு பொருந்தியிருக்க வேண்டும். பின் விளக்கு பல்பு எரிந்து போனால், அதற்குச் செல்ல வேண்டிய மின்சாரம் முகப்பு விளக்கின் மீது ஏறி, அதுவும் சிறிது நேரத்தில் எரிந்து போகும். குறைந்த வாட் கொண்ட எல்இடி விளக்கை எதையும் மாற்றாமல் அப்படியே பொருத்துவோர் சந்திக்கும் சிக்கலும் இதுவே. சுமை குறைந்ததால் மின்னழுத்தம் உயர்ந்து புதிய விளக்கு பழுதாகிறது.

இக்குறைகளை நீக்க, மாறுதிசை மின்னோட்டத்தை நேர்த்திசை மின்னோட்டமாக மாற்றும் ரெக்டிஃபையரும், மின்னழுத்தத்தை ஓர் எல்லைக்குள் நிறுத்தும் ரெகுலேட்டரும் தேவை. இன்று இவ்விரண்டும் தீப்பெட்டியை விடச் சற்றே பெரிய ஒரே பெட்டியாகக் கிடைக்கின்றன. 6 வோல்ட் மின்னாக்கியின் கம்பிச்சுருள்களை மாற்றிச் சுற்றுவதன் மூலமோ, விளக்குச் சுருளும் சேர்ந்த புதிய மின்னணு இக்னிஷன் தொகுப்பைப் பொருத்துவதன் மூலமோ 12 வோல்ட்டுக்கு மாறுவதும் வழக்கம்.

12 வோல்ட் ஏன் மேலானது?

திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. 24 வாட் பல்பு 6 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் மட்டுமே இழுக்கும். மின்னோட்டம் பாதியானால் கம்பியில் வீணாகும் மின்னழுத்தமும் பாதியாகும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 1 சதுர மி.மீ. குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பியின் தடை மீட்டருக்குச் சுமார் 0.0175 ஓம். விளக்குக்குப் போக 2 மீட்டர், திரும்ப 2 மீட்டர் என 4 மீட்டர் கம்பியின் தடை 0.07 ஓம். 4 ஆம்பியர் ஓடும்போது 0.28 வோல்ட் குறைகிறது. 6 வோல்ட்டில் இது 5 சதவீதத்துக்கு அருகில். இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தை விட வேகமாகக் குறைவதால், இந்தச் சிறு இழப்பே வெளிச்சத்தில் ஏறத்தாழ 15 சதவீதத்தைத் தின்றுவிடும். அதே பல்பு 12 வோல்ட் வகையானால் இழப்பு 0.14 வோல்ட், அதாவது சுமார் 1 சதவீதம் மட்டுமே. துருப்பிடித்த ஓர் இணைப்பு இந்த 4 மீட்டர் கம்பியை விட அதிகத் தடை தரக்கூடும் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

பேட்டரியா, மின்தேக்கியா?

12 வோல்ட், 5 ஆம்பியர் மணி கொண்ட சாதாரண ஈய அமில பேட்டரி ஏறத்தாழ 2 கிலோ எடை கொண்டது. அவசர விளக்குகளில் பயன்படும் 1.2 ஆம்பியர் மணி மூடிய வகை பேட்டரியின் எடை 600 கிராமுக்குள் அடங்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி அதே கொள்ளளவுக்கு இன்னும் எடை குறைந்தது. ஆனால் அதன் மின்னேற்ற அழுத்தம் வரம்பு மீறக் கூடாது. 4 செல்கள் கொண்ட தொகுப்புக்கு மேல் எல்லை சுமார் 14.6 வோல்ட். எனவே பழைய, நம்பகமற்ற ரெகுலேட்டரோடு அதை இணைக்கக் கூடாது.

பேட்டரியையே நீக்கி அதன் இடத்தில் மின்தேக்கியைப் பொருத்தும் வழக்கமும் பழையது. 1960களில் லூகாஸ் நிறுவனம் 2எம்சி என்னும் மின்தேக்கியை இதற்கென்றே விற்றது. மின்தேக்கியின் வேலை மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வதே. மின்சாரத்தைச் சேமித்து வைப்பது அன்று. 4700 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி 12 வோல்ட்டில் சேமிக்கும் ஆற்றல் ஒரு ஜூலில் மூன்றில் ஒரு பங்கு. 10 வாட் விளக்கை அது கண் இமைக்கும் நேரம் கூட எரிய வைக்காது. 1.2 ஆம்பியர் மணி பேட்டரியிலோ கோட்பாட்டளவில் 50,000 ஜூலுக்கு மேல் உள்ளது. பகல்நேர வண்டிக்கு மின்தேக்கி போதும். இரவில் ஓடும் வண்டியில் எஞ்சின் நின்ற பின்னும் பின் விளக்கு எரிய வேண்டும் என்பதால் சிறிய பேட்டரியே பாதுகாப்பானது. அந்த 600 கிராமைச் சுமப்பதில் நியாயம் உண்டு.

எடையை எங்கே குறைப்பது?

எல்லாப் பாகங்களிலும் எடையைக் குறைக்க முயல்வது வீண்வேலை. எங்கே குறைத்தால் பயன் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வண்டியின் மின்கம்பிகள் மொத்தம் 10 மீட்டர் என்று கொண்டால், 1 சதுர மி.மீ. கம்பியில் உள்ள செம்பின் எடை சுமார் 90 கிராம். 0.5 சதுர மி.மீ. கம்பிக்கு மாறினால் 45 கிராம் மிச்சம். 10 வாட் எல்இடி விளக்குக்கு 0.5 சதுர மி.மீ. தாராளமாகப் போதும். அதையும் விட மெல்லிய கம்பிக்குப் போனால் மிஞ்சுவது இன்னும் 20, 30 கிராம்தான். ஆனால் அதிர்வில் கம்பி அறுந்து போகும் அபாயம் பலமடங்கு கூடும். இதற்கு மாறாக, பெரிய பேட்டரியைச் சிறியதாக மாற்றினாலே ஒரு கிலோவுக்கு மேல் குறைந்துவிடுகிறது. பெரிய எஃகு முகப்பு விளக்குக் கிண்ணத்தை நீக்கி, எண் பலகையோடு இணைந்த சிறிய பிளாஸ்டிக் விளக்கைப் பொருத்துவதும் கணிசமான பயன் தரும்.

எடையின் அளவைப் போலவே அது இருக்கும் இடமும் முக்கியம். வண்டியைத் திடீரெனத் திருப்பும்போது ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு, அதன் நிறையோடு, சுழல் மையத்திலிருந்து உள்ள தூரத்தின் இருமடியைப் பெருக்கிய அளவில் இருக்கும். 500 கிராம் பேட்டரி மையத்திலிருந்து 60 செ.மீ. தொலைவில், பின் மட்கார்டின் மேல் இருந்தால் ஏற்படும் எதிர்ப்பு, அதே பேட்டரி 10 செ.மீ. தொலைவில் இருக்கும்போது ஏற்படுவதைப் போல 36 மடங்கு. ஆகவே பேட்டரி, ரெகுலேட்டர், இக்னிஷன் காயில், ஹாரன் ஆகியவை பெட்ரோல் டாங்கின் அடியிலோ இருக்கையின் கீழோ நடுப்பகுதியில் இருப்பது நல்லது. வண்டியின் இரு முனைகளிலும் விளக்குகள் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது.

பிராக்கெட்டுக்கு ஏற்ற உலோகம்

எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், அலுமினியத்துக்கு 2.7 கிராம். ஆனால் அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்கே. எனவே எஃகுத் தகடு இருந்த இடத்தில் அதே கனமுள்ள அலுமினியத் தகட்டை வைத்தால் அது மூன்று மடங்கு வளைந்து கொடுக்கும். தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், கனத்தைச் சுமார் ஒன்றரை மடங்காக்கினால் குறை நீங்கிவிடும். 100 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனம் கொண்ட எஃகு பிராக்கெட்டின் எடை 47 கிராம். அதற்கு நிகரான விறைப்புள்ள 3 மி.மீ. அலுமினியத் தகடு 24 கிராம். எடையில் மூன்றில் இரண்டு பங்கு குறையும் என்று எண்ணுவோருக்கு உண்மையில் கிடைப்பது பாதிதான். அதுவும் நல்ல லாபமே.

அலுமினியக் கலவைகள் எல்லாம் ஒன்றல்ல. 6082-டி6 என்னும் கலவை வலிமையானது; தட்டையான பிராக்கெட்டுக்கு ஏற்றது. ஆனால் சிறிய ஆரத்தில் வளைத்தால் விரிசல் விடும். வளைக்க வேண்டிய பிராக்கெட்டுக்கு 5251 போன்ற மென்மையான கலவை பொருத்தமானது.

அலுமினியத்துக்கு இன்னொரு குணம் உண்டு. எஃகில் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழான விசை எத்தனை இலட்சம் முறை வந்தாலும் பெரும்பாலும் முறிவு வராது. அலுமினியத்தில் அப்படித் தெளிவான எல்லை இல்லை. சிறிய அதிர்வும் நீண்ட காலம் தொடர்ந்தால் முறிவில் முடியும். ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வுக்கு நடுவே பிராக்கெட் வாழ வேண்டியிருப்பதால், அதன் வடிவம் அதன் வலிமையைப் போலவே முக்கியமாகிறது.

பிராக்கெட் செய்யும் முறை

முதலில் கெட்டி அட்டையில் மாதிரி வெட்டி, வண்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுமையாகத் திருப்பியும், முன் ஃபோர்க்கை முழுவதும் அமுக்கியும், பின் சக்கரம் மேலேறும் எல்லை வரை ஏற்றியும் பார்த்து, எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்த பிறகே உலோகத்தில் கை வைக்க வேண்டும்.

அலுமினியத் தகட்டில் வளைக்கும் கோட்டை இரும்புக் கீறியால் குறிக்கக் கூடாது. அந்தக் கீறலே விரிசலின் தொடக்கமாகிவிடும். பென்சிலோ மார்க்கர் பேனாவோ போதும். வளைவின் உள் ஆரம் குறைந்தது தகட்டின் கனத்துக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். கடினமான கலவைக்கு இன்னும் கூடுதல் வேண்டும். உள்மூலைகளைக் கூர்மையாக வெட்டாமல், முதலில் துளையிட்டு வட்டமாக முடிக்க வேண்டும். துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து துளை விட்டத்தைப் போல இருமடங்கு தள்ளி இருப்பது நல்லது. 6 மி.மீ. துளைக்கு 12 மி.மீ. என்பது எளிதில் நினைவில் நிற்கும் அளவு. வெட்டிய ஓரங்களை அரத்தால் தேய்த்து, எமரி தாளால் வழவழப்பாக்க வேண்டும். அழகுக்காக அன்று; ஓரத்துப் பிசிறிலிருந்தே விரிசல் பிறக்கிறது.

எடை குறைக்கத் துளைகள் இடுவதும் உண்டு. 24 கிராம் பிராக்கெட்டில் மூன்று துளைகள் போட்டால் கிடைப்பது மூன்று நான்கு கிராம்தான். வளைவுக்கு அருகிலோ போல்ட் துளைக்கு அருகிலோ அவற்றை இட்டால் பிராக்கெட் அங்கேயே உடையும். விசை குறைவாக உள்ள நடுப்பகுதியில் மட்டும் துளையிடலாம். இடாமல் விட்டாலும் குறையில்லை.

பழைய வண்டியின் சட்டத்தில் புதிதாகத் துளையிடுவது கூடாது. சட்டக் குழாயில் இடும் துளை அதன் வலிமையைக் குறைப்பதோடு, ஈரம் உள்ளே புகவும் வழி செய்கிறது. ஏற்கெனவே உள்ள போல்ட்டுகளையோ, ரப்பர் உறையிட்ட கிளிப்புகளையோ பயன்படுத்தி பிராக்கெட்டைப் பிடிக்கலாம். பின்னாளில் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டுமானாலும் இதுவே வழி.

அதிர்வு, வெப்பம், ஈரம்

ரெகுலேட்டரின் பிராக்கெட் அதைத் தாங்குவதோடு வெப்பத்தையும் வெளியேற்ற வேண்டும். 1960களின் லூகாஸ் 12 வோல்ட் அமைப்பில் மிகுதியான மின்சாரத்தை ஜீனர் டையோடு வெப்பமாக மாற்றியது. அதனாலேயே அது காற்றுப் படும் இடத்தில் ஓர் அலுமினியத் தகட்டின் மீது இறுக்கப்பட்டது. மின்னாக்கி 30 வாட் தந்து விளக்குகள் 13 வாட் மட்டுமே எடுத்தால், மீதி 17 வாட் ஏதோ ஓரிடத்தில் வெப்பமாகத்தான் வேண்டும். ஆகவே ரெகுலேட்டரை ரப்பரில் பொதியாமல், வண்ணம் பூசாத அலுமினியத் தகட்டோடு நேராக ஒட்டும்படி, காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்த வேண்டும்.

பேட்டரிக்கு நிலைமை நேர்மாறு. அதை மெல்லிய ரப்பர் அல்லது ஸ்பாஞ்சு விரிப்பின் மீது வைத்து, ரப்பர் பட்டையால் இறுக்க வேண்டும். ஹாரனை அதனோடு வரும் நெகிழும் எஃகுப் பட்டையிலேயே பொருத்த வேண்டும். கனமான பிராக்கெட்டில் இறுகப் பிடித்தால் அதன் ஒலி மங்கும்.

பின் விளக்கு பொதுவாக நெகிழும் பிளாஸ்டிக் மட்கார்டின் மீது அமைகிறது. செங்குத்தான மேட்டில் வண்டி பின்னால் சாய்ந்து விழும்போது முதலில் அடிபடுவது இதுவே. எனவே மட்கார்டின் அடியில் அகலமான வாஷர் அல்லது சிறு தகடு வைத்து விசையைப் பரப்ப வேண்டும். கம்பியில் ஓரிடத்தில் எளிதில் கழலும் இணைப்பான் இருந்தால், விளக்கு பிய்ந்து போனாலும் கம்பித் தொகுதி முழுவதும் அறுந்து வராது.

துருவேறா எஃகு போல்ட் அலுமினியத்தோடு சேர்ந்து ஈரத்தில் இருந்தால் மின்வேதி அரிமானம் ஏற்பட்டு அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். சேரும் இடத்தில் கிரீஸ் பூசுவது இதைத் தடுக்கும். நட்டுகள் கழலாமல் இருக்க நைலான் வளையம் கொண்ட பூட்டு நட்டுகள் ஏற்றவை. வெப்பம் மிகுந்த புகைபோக்கியின் அருகே மட்டும் முழு உலோகப் பூட்டு நட்டு வேண்டும்.

கம்பி இணைப்பு

பழைய வண்டிகளில் மின்சாரம் சட்டத்தின் வழியாகவே திரும்பும். வண்ணம், துரு, அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு ஆகியவை இப்பாதையைக் கெடுக்கின்றன. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனித் திரும்பு கம்பி கொண்டுவந்து, ஒரே இடத்தில் சட்டத்தோடு இணைப்பது இன்றைய முறை. இதனால் கூடும் எடை சில பத்து கிராம். நீங்கும் தொல்லையோ மிகப் பெரிது.

பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே சட்டத்தோடு இணைந்திருக்கும். இன்றைய எல்இடி விளக்குகளும் ரெகுலேட்டர்களும் பெரும்பாலும் எதிர்முனை சட்டத்தில் இருப்பதாகக் கருதியே செய்யப்படுகின்றன. முனை மாற்றி இணைத்தால் எல்இடி எரியாமல் போகலாம். ரெகுலேட்டர் நொடியில் பழுதாகலாம். எதையும் இணைக்கும் முன் இதைச் சரிபார்ப்பது கட்டாயம்.

பல மெல்லிழைகள் கொண்ட நெகிழும் கம்பியையே பயன்படுத்த வேண்டும். அதிர்வுள்ள இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தால், உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி அவற்றை விறைப்பாக்கும். விறைத்த பகுதி முடியும் இடத்தில் கம்பி அறும். சரியான கருவியால் அழுத்திப் பிடித்த கிரிம்ப் முனையே மேலானது. அதன் மீது வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டால் ஈரமும் புகாது, கம்பிக்கும் தாங்கல் கிடைக்கும். ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியே கம்பிகள் அதிகம் அறும் இடம். அங்கே கம்பி இறுகாமலும் மடியாமலும் ஒரு தளர்ந்த வளைவாகச் செல்ல வேண்டும்.

ஃபியூஸின் கணக்கு எளிது. முகப்பு விளக்கு 10 வாட், பின் விளக்கு 3 வாட், ஹாரன் 24 வாட் என்றால் மொத்தம் 37 வாட். 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ் பொருத்தமானது. அதைச் சட்டத்தோடு இணையாத முனையில், பேட்டரிக்கு மிக அருகில் பொருத்த வேண்டும். ஃபியூஸ் காப்பது விளக்கை அன்று, கம்பியை. ஆகவே அதன் அளவு எப்போதும் கம்பி தாங்கும் மின்னோட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச்

எடையில் மிகச் சிறியதும் பாதுகாப்பில் மிகப் பெரியதும் இதுவே. ஓட்டுநரின் மணிக்கட்டில் கட்டிய கயிறு இழுபட்டவுடன் எஞ்சினை நிறுத்தும் சுவிட்சை இன்றைய டிரையல்ஸ் விதிகள் பல கட்டாயமாக்குகின்றன. ஓட்டுநர் விழுந்து, வண்டி திறந்த ஆக்சிலேட்டரோடு அவர் மீதோ பார்வையாளர் மீதோ பாயாமல் தடுப்பது இதன் நோக்கம்.

இது வேலை செய்யும் விதம் இக்னிஷன் வகைக்கு ஏற்ப மாறும். மேக்னெட்டோ வகையில் சுவிட்ச் மூடும்போது இக்னிஷன் மின்சாரம் சட்டத்துக்குத் திருப்பப்பட்டு எஞ்சின் நிற்கிறது. பேட்டரி, காயில் வகையில் சுவிட்ச் திறக்கும்போது மின்சாரம் துண்டிக்கப்பட்டு எஞ்சின் நிற்கிறது. ஒன்றுக்கான சுவிட்சை மற்றொன்றில் இணைக்க முடியாது. மேக்னெட்டோ வகையில் மற்றோர் அபாயமும் உண்டு. சுவிட்சுக்குச் செல்லும் கம்பி உறை தேய்ந்து சட்டத்தைத் தொட்டால் எஞ்சின் திடீரென நிற்கும். கம்பி அறுந்துவிட்டாலோ சுவிட்சால் எஞ்சினை நிறுத்தவே முடியாது. முதல் கோளாறு உடனே தெரிந்துவிடும். இரண்டாவது, தேவைப்படும் கணம் வரை வெளியே தெரியாது. எனவே ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் எஞ்சினை ஓட விட்டுக் கயிற்றை இழுத்துப் பார்ப்பதே ஒரே சோதனை.

பொருத்திய பின் செய்யும் சோதனைகள்

1. மல்ட்டிமீட்டரால் ஒவ்வொரு கம்பியின் தொடர்ச்சியையும், சட்டத்தோடு தவறான தொடர்பு இல்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

2. விளக்கு எரியும்போது பேட்டரி முனையிலும் விளக்கின் முனையிலும் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். இடைவெளி அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எங்கோ ஓர் இணைப்பு சரியில்லை.

3. எஞ்சினை வேகமாக ஓட விட்டு பேட்டரி முனையில் அளக்க வேண்டும். 12 வோல்ட் அமைப்பில் 14 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது நல்லது. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது.

4. எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஹேண்டில்பாரை இரு கோடிக்கும் திருப்பி, கம்பித் தொகுதியை ஆங்காங்கே கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். விளக்கு சிமிட்டினாலோ எஞ்சின் தடுமாறினாலோ பிழை அவ்விடத்தில்தான்.

5. வாளி நீரை ஊற்றி நனைத்த பின் எல்லாவற்றையும் மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும்.

6. முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பின் எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்கி, பிராக்கெட்டின் வளைவுகளிலும் துளை ஓரங்களிலும் மயிரிழை விரிசல் உள்ளதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். விரிசல் கண்ட பிராக்கெட்டைப் பற்றவைத்துத் தொடர்வதை விட, வடிவத்தை மாற்றிப் புதிதாகச் செய்வதே முறை. அதே வடிவில் செய்தது அதே இடத்தில் மீண்டும் உடையும்.

இவ்வாறு பொருத்திய மின்னமைப்பு, பழைய 6 வோல்ட் அமைப்பையும் அதன் எஃகு பிராக்கெட்டுகளையும் விடக் குறைந்த எடையில் கூடுதல் வெளிச்சம் தரும். கம்பியின் கனம், பூட்டு நட்டு, ஃபியூஸ், இரவு வண்டிக்கான சிறிய பேட்டரி ஆகியவற்றில் மிச்சம் பிடிக்காமல், பெரிய பேட்டரி, எஃகுக் கிண்ணம், கனமான தகடு ஆகியவற்றில் எடையைக் குறைப்பதே டிரையல்ஸ் வண்டிக்கு ஏற்ற முறையாகும்.